ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளியது பற்றி

கதிர்,

நேற்று காலை, பசியாறிய பிறகு, காரின் ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டேன். இந்த முடிவை நான் அவசரத்தில் எடுக்கவில்லை. பல வாரங்கள் யோசித்தேன். சாதக பாதகங்களைச் சீர்தூக்கிப் பார்த்தேன். உன் அம்மாவின் கருத்தைக் கேட்டேன், அதை நிராகரித்தேன், பிறகு அதையே என் சொந்தக் கருத்தாக ஏற்றுக்கொண்டேன். அதன்பின் இருக்கைக்கு அடியில் கைவிட்டு, அந்த இரும்புக் கம்பியைத் தூக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினேன். அது ஒருமுறை கிறீச்சிட்டு, கடைசிப் பல்லில் போய் உட்கார்ந்தது. உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரசாங்கங்கள் பதவி விலகிய செய்திகளை நிறையப் படித்திருக்கிறேன்; எதிலும் இவ்வளவு அமைதி இருந்ததாக நினைவில்லை.

அந்த இருக்கை எங்கே இருக்க வேண்டும் என்பது உனக்கும் எனக்கும் நெடுங்காலத் தகராறு. உனக்கு அம்மா வீட்டு நீளக் கால்கள், லாபிஸ் ஊரிலிருக்கும் மாமாவின் கால்கள். எனக்கு என் அப்பாவின் கால்கள். அவரும் எதையும் எட்டிப் பிடித்தவர் இல்லை. நான் ஓட்டும்போது இருக்கையை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்காருவேன். "ஹாரன் அடிக்க உங்களுக்கு கையே வேணாம்பா, தாடையே போதும்" என்று நீ சொல்வாய். நீ ஓட்டிவிட்டு இறங்கிய பிறகு நான் ஏறினால், பின் இருக்கையில் தவறிப்போய் உட்கார்ந்துவிட்டேனோ என்று தோன்றும். நீ பின்னால் தள்ளுவாய், நான் முன்னால் இழுப்பேன். இத்தனை வருடங்களில் நாம் விட்டுக்கொடுக்காமல் நடத்திய ஒரே போராட்டம் இதுதான்.

போன வாரம் நீ அனுப்பிய குரல்பதிவை அம்மா இரண்டு முறை போட்டுக் காட்டினாள். "அப்பா, கல்யாணத்துக்கு நம்ம கார்தான் மாப்ள கார். ரிப்பன், பூவெல்லாம் கட்டிடலாம். ஆனா நீங்கதான் ஓட்டிக்கிட்டு வரணும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். வேற யாரும் வேணாம் லா." அதற்கு அம்மா என் பெயரில் 'சரி' என்று பதில் போட்டுவிட்டாள். இந்தக் கடிதம் அந்தச் சரியைத் திரும்பப் பெற எழுதப்படுகிறது. உன் கல்யாணத்தன்று நான் கார் ஓட்டப் போவதில்லை. அதை மட்டும் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் நம் வீட்டில் ஒரு வரியில் சொல்ல வேண்டியதை ஒருவரும் ஒரு வரியில் சொன்னது கிடையாது. அதனால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

நம் மலேசியக் காரை உன் கல்யாணம் நடக்கும் சிங்கப்பூருக்குள் ஓட்டிப் போக என்னென்ன வேண்டும் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். நான் முழுதாகக் கற்றுத் தேர்ந்த ஒரே சாஸ்திரம் அது. நம் ஊர் சிகாமட் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மேசை, மின்விசிறி, அச்சுப்பொறி மூன்றையும் வைத்துக்கொண்டு இந்த வட்டாரத்துக்கே காப்புறுதியும் சாலை வரியும் எடுத்துக் கொடுத்தவன் நான். சாலை வரி நடப்பில் இருக்க வேண்டும். காப்புறுதி அந்த நாட்டுச் சாலைக்கும் செல்ல வேண்டும். கார் நுழைவதற்கு முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். எல்லைச் சாவடியில் தட்டுவதற்கு ஓர் அட்டை வேண்டும். ஓட்டுகிறவரிடம் செல்லுபடியாகும் உரிமம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுகிறவர் அந்த நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கக் கூடாது. அவர்கள் வெளிநாட்டில் பதிவான காரை அங்கே ஓட்டுவது குற்றம். காரணம் நியாயமானதுதான். அங்கே கார் வாங்குவது வீடு வாங்குவது மாதிரி. எல்லோரும் இங்கிருந்து மலிவாக வாங்கி அங்கே ஓட்டினால் அந்த ஊர் தாங்காது.

இத்தனை கேள்விகளுக்கு நடுவில், ஓட்டுகிறவருக்குக் கண் தெரிகிறதா என்ற கேள்வியை நான் எந்த எல்லையிலும் சந்தித்ததில்லை. முகத்துக்கு நேரே கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கலாம். உன் வயதுக்கும் குறைவான வயதில், முதன்முதலாக லைசன்ஸ் எடுத்தபோது, சுவரில் ஒரு பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். அன்று சொன்ன பதில் இன்றுவரை செல்லுபடியாகிறது.

உனக்கு நிரந்தரவாசம் கிடைத்த அந்த நாளை நினைத்துப் பார். அம்மா அண்டை வீடுகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். மிச்சத்தை உன் சிங்கப்பூர் நண்பர்களுக்கு என்று டப்பாவில் அடைத்துக்கொண்டு, மூவரும் காரில் கிளம்பினோம். அதற்கு முன்பு நீ ஜொகூர் பாருவில் அறை எடுத்து, தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வந்தாய். அப்போது இந்தக் காரை நீ அந்தப் பக்கம் ஓட்டலாம், ஓட்டவும் செய்தாய். அன்றும் வழக்கம்போல நீதான் ஓட்டினாய். இரண்டு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தின் நடுவில், நெரிசலில், வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் இந்த விதியைச் சொல்லி எச்சரித்தவன் நான். கடைக்கு வரும் ஒவ்வொரு பையனிடமும் "பி.ஆர். வாங்கிட்டா அந்தப் பக்கம் இந்தக் காரை தொடாதே" என்று ஓதியவன் நான். என் மகனுக்கு அது கிடைத்த மகிழ்ச்சியில், கிடைத்ததால் அவன் எதை இழந்தான் என்பதை மறந்திருந்தேன்.

"கதிரு, நீ ஓட்டக் கூடாதுடா!"

"அலமாக்! இப்ப என்னப்பா பண்றது?"

"எறங்கு. எறங்கி சுத்தி வா."

இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் சீறிக்கொண்டிருந்தன. நீ முன்பக்கமாகச் சுற்றினாய், நான் பின்பக்கமாகச் சுற்றினேன். பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரனை அமுக்கியவர் எடுக்கவே இல்லை. நான் வேட்டி கட்டியிருந்தேன். அம்மா லட்டு டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாஸ்போர்ட்டை புடிங்க, வேட்டியையும் புடிங்க, ரெண்டும் போனா உள்ள விடமாட்டான்" என்று கத்தினாள். நான் ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. கம்பியைத் தூக்கி முன்னால் இழுத்தேன். அப்படித்தான், சட்டத்துக்கு முழுமையாக உட்பட்டு, நாம் அந்த நாட்டுக்குள் நுழைந்தோம்.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவில் அந்தக் கடைசி பெட்ரோல் நிலையம் வரை நீ ஓட்டுவாய். அங்கே நிறுத்தி மூவரும் கழிவறைக்குப் போய்வருவோம். நீ இடது பக்கம் ஏறுவாய், நான் வலது பக்கம் ஏறுவேன். மற்ற குடும்பங்களுக்குக் குலதெய்வக் கோவில் எப்படியோ, நமக்கு அந்த பெட்ரோல் நிலையம் அப்படி ஆகிவிட்டது. அங்கே நிற்காமல் நாம் எந்த நல்ல காரியத்துக்கும் போனதில்லை.

முதல் இரண்டு வருடங்கள் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினாய். இருக்கையைச் சாய்த்துப் போட்டு, வாயைத் திறந்துகொண்டு. பிறகு ஒரு கட்டத்தில் நீ தூங்குவதை நிறுத்திவிட்டாய். பேச ஆரம்பித்தாய். "அப்பா, அங்க பாருங்க, ஒரு தாத்தா சைக்கிள தள்ளிக்கிட்டு ரோட்டோரமா வராரு, என்ன தெம்பு!" "இந்த சிக்னல் எப்பவும் சீக்கிரமா சிவப்பு ஆயிடும்பா, இதோ மாறிடுச்சி பாருங்க." "இந்த ஊருல லாரிக்காரங்க எப்படி வந்து நுழையறாங்க பாருங்களேன், இடது பக்கம்." என் மகனுக்கு உலகத்தின் மேல் திடீரென்று ஆர்வம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். சிறு வயதில் நீ ஜன்னல் வழியே எதையும் பார்க்காத பிள்ளை. நீ வேடிக்கை பார்க்கவில்லை, எனக்குப் பதிலாகப் பார்க்கிறாய் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. புரிந்த பிறகும் "ஆமாம்டா, என்ன தெம்பு" என்றேன், நான் பார்க்காத அந்தத் தாத்தாவைப் பற்றி.

இப்போது போன தீபாவளிக்கு வருகிறேன். நீ விடுமுறை முடிந்து திரும்பினாய். பின் இருக்கையில் அம்மாவும் முறுக்கு டின்களும். பெட்ரோல் நிலையத்தில் இடம் மாறினோம். உன் அடுக்குமாடிக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் ஒரு பாதசாரிக் கடப்பு. சாலை காலியாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை காலியாகத்தான் இருந்தது. நீ அப்போது எதுவும் வர்ணிக்கவில்லை, இப்போது நீ கட்டிக்கொள்ளப் போகும் ஷாலினியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாய். திடீரென்று கார் உலுக்கிக்கொண்டு நின்றது. என் காலடியில் பிரேக் அப்படியே இருந்தது. நம் இருவருக்கும் நடுவிலிருந்த ஹேண்ட்பிரேக்கை நீ இரண்டு கையாலும் இழுத்திருந்தாய். கண்ணாடிக்கு முன்னால், இடது ஓரத்திலிருந்து, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் என் உலகத்துக்குள் வந்தாள். நம்மைப் பார்த்துத் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நின்று வழிவிட்டதற்கு.

பின்னால் டின் திறந்து முறுக்கெல்லாம் கொட்டியிருந்தது. நீ சொன்ன முதல் வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அம்மா, முறுக்கு ஒடஞ்சிருச்சா?" அம்மா, "மேல இருந்ததுதான் ஒடஞ்சிது, அடியில நல்லாருக்கு" என்றாள். நான், "டின்னுக்கு மூடி சரியில்ல, அப்பவே சொன்னேன்" என்றேன். உன் வீடு போய்ச் சேரும்வரை மூவரும் முறுக்கைப் பற்றியே பேசினோம். மாவு பதம், எண்ணெய்ச் சூடு, லாபிஸ் அத்தை சுடுவது ஏன் நமுத்துப்போகிறது என்பது. அவ்வளவு விரிவான உரையாடல் நம் குடும்பத்தில் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை.

தொழில் புத்தி என்னை விடவில்லை. திரும்பும் வழியில் அந்தக் காட்சியைச் சட்டத்தின் கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தக் கணத்தில் நம் காரின் முன்பக்கத்தில் இரண்டு பேர் இருந்தோம். ஒருவனிடம் எல்லா ஆவணங்களும் சரியாக இருந்தன, ஓட்டுவதற்கு முழு அனுமதியும் இருந்தது, அந்தப் பெண்ணைக் கொல்வதற்கு வேண்டிய வேகமும் இருந்தது. இன்னொருவன், நிரந்தரவாசியாக இருந்துகொண்டு, அவனுக்குத் தடைசெய்யப்பட்ட வெளிநாட்டுக் காரில் கையை வைத்தான். யாராவது புகார் கொடுத்திருந்தால், பதில் சொல்ல வேண்டியவன் நீயாகக்கூட இருந்திருப்பாய்.

திரும்பும் வழியில் அம்மா வாழ்க்கையில் முதல்முறையாக முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அவளுக்கு உன்னைப் போல் கதை கட்டத் தெரியாது. "லாரி" என்றாள். "மோட்டார்" என்றாள். "மஞ்ச. செவப்பு. நாயி." சிகாமட் வரும்வரை இதுதான். ஒவ்வொன்றுக்கும் நான் "தெரியுது" என்றேன். சிலது உண்மை.

அடுத்த வாரமே என்னைப் பொது மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நீண்ட நேரம் நான் அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். டாக்டர் நம்ம பிள்ளைதான், சின்னப் பெண். "அங்கிள், கண்ணுல அழுத்தம். நேரா பாக்கறது நல்லா இருக்கு, ஆனா ஓரமெல்லாம் போயிடுச்சி. போனது திரும்பி வராது. மருந்து விட்டா இருக்கறத காப்பாத்தலாம்" என்றாள். பிறகு, "இன்னும் கார் ஓட்டறீங்களா?" என்று கேட்டாள்.

"பக்கத்துல கடைக்கு மட்டும்" என்றேன்.

"எங்க இருக்கு கடை?"

"சிங்கப்பூர்ல" என்றாள் உன் அம்மா.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் சொன்னதை நான் திருப்பி எழுதப் போவதில்லை. நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றைத்தான் அவள் சொன்னாள். காப்புறுதிப் பத்திரத்தில், யாரும் படிக்காத இடத்தில், ஓட்டுகிறவருக்கு உடற்குறை ஏதும் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். தெரிவிக்காதவருக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் நடக்காது, ஏதாவது நடக்கும்வரை.

இனி உன் கல்யாணத்துக்கு வருகிறேன். நீ கேட்டதை நான் மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். தாலி கட்டி முடித்துத் திரும்பும்போது பின்னால் ஷாலினி இருக்கிறாள். முன் கண்ணாடியில் மாலை ஆடுகிறது. நீ என்னிடம் ஊர்க் கதை பேசிக்கொண்டே வருகிறாய், பாருங்கப்பா அங்க ஒரு பாட்டி, பாருங்கப்பா இங்க ஒரு பஸ். கல்யாண மாப்பிள்ளை ஒரு கையில் மாலையையும் ஒரு கையில் ஹேண்ட்பிரேக்கையும் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. நீ ஏன் என்னையே ஓட்டச் சொன்னாய் என்றும் எனக்குத் தெரியும். வேறு யாரையாவது ஓட்டச் சொன்னால், ஏன் என்று நான் கேட்பேன். நீ பதில் சொல்ல வேண்டிவரும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதைவிட, உன்னையும் உன் மனைவியையும் என் கையில் ஒப்படைப்பது உனக்குச் சுலபமாக இருந்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இதை நீ என்னிடமிருந்துதான் கற்றாய். என் அப்பாவுக்குக் காது போனபோது வீட்டில் எல்லோரும் சத்தமாகப் பேச ஆரம்பித்தோம், அவ்வளவுதான். அவரிடம் யாரும் சொல்லவில்லை. தன் குடும்பத்தார் எல்லோரும் கோபக்காரர்கள் என்ற எண்ணத்தோடு அவர் செத்துப்போனார். நீ அன்று "அப்பா, உங்களுக்கு கண்ணு தெரியல" என்று சொல்லியிருக்கலாம். நான் "ஆமாடா, தெரியல" என்று சொல்லியிருக்கலாம். நாம் முறுக்கைப் பற்றிப் பேசினோம். ஷாலினியிடம் நீ முறுக்கைப் பற்றிப் பேசாதே. அவளுக்கு ஏதாவது குறைந்தால் குறைகிறது என்று சொல். உனக்குக் குறைந்தால் அவளைச் சொல்லவிடு. வலிக்கும், வலித்தால் வலிக்கட்டும். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாக் குடும்பங்களுக்கு முன்னாலும் சாலையைக் கடக்கிறார்கள்.

ஆக வேண்டிய காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதிலாக லாபிஸ் மாமா ஓட்டலாமே என்று நீ யோசிப்பாய். நானும் கேட்டேன். அந்தப் பக்கம் அவர் வாங்கிய போக்குவரத்து அபராதச் சம்மன்கள் இன்னும் தீரவில்லை. "அந்த ஊருல எனக்கு நல்ல பேரு இல்ல மச்சான், பஸ்ஸுல கூட்டத்தோட கூட்டமா வந்துடறேன்" என்கிறார். ஷாலினியின் அண்ணனிடம் பேசிவிட்டேன். அவர் தன் காரில் உன்னை அழைத்துப் போவார். அது அந்த ஊர்க் கார்; தேவைப்பட்டால் நீயே ஓட்டலாம், சட்டம் அனுமதிக்கிறது. நாங்கள் சொந்தக்காரர்களோடு வாடகைப் பேருந்தில் வருகிறோம். ஜவுளிக்குப் பேர்போன தங்காக்கில் எடுத்த புடவைகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா முன்வரிசையில் உட்காருவாள். ஓட்டுநருக்கு லாரி, நாய் எல்லாம் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறேன்.

என் உரிமம் கல்யாணத்துக்கு முன்பு, என் பிறந்தநாளன்று முடிகிறது. புதுப்பிக்க அஞ்சலகத்துக்குப் போனேன், வரிசைச் சீட்டும் எடுத்தேன். கவுண்டரில் இருக்கும் பெண் எப்போதும் கேட்பது ஒன்றுதான், "எத்தனை வருஷத்துக்கு அங்கிள்?" ஐந்து வருடம் என்றால் ஐந்து வருடம் கொடுத்துவிடுவாள். அந்தத் தாராளம் எனக்குப் பயமாக இருந்தது. சீட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கைப்பேசிச் செயலியிலேயே புதுப்பிக்கலாம் என்று நீ சொல்வாய். செயலி இருக்கிறது. கடவுச்சொல் மறந்துவிட்டது, நினைவுபடுத்திக்கொள்ள நான் முயலவில்லை.

கார் இனி உன்னுடையது. மறுவீட்டுக்கு நீங்கள் இருவரும் ஜொகூர் பாரு வரை பேருந்தில் வாருங்கள். மாமா காரை அந்தப் பெட்ரோல் நிலையத்தில் கொண்டுவந்து வைத்திருப்பார். அங்கிருந்து இங்கே நீ ஓட்டலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் அது இனி வராது. ஆகையால் நாங்களும் அடிக்கடி வரமாட்டோம். பேருந்தில் அம்மாவுக்குத் தலை சுற்றும்.

இதை எழுதுவதற்கு முன் வெளியே போய், காரில் ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இருக்கை நீ வைக்கும் இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து என் கால் பிரேக்குக்கு எட்டவில்லை.

அப்பா